வீட்டுக்குள் ஏத்தமும் வத்தமும்

நான் வள்ளியூரில் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவன். பதினெட்டு வருடமாகச் செய்வது ஒரே வேலைதான்: ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது. வீட்டுக் கூடத்தில் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்து ஏழு வருடம் ஆகிறது. அதில் கடையில் விற்கிற வண்ண மீன் எதுவும் கிடையாது. கூட்டப்புளிப் பக்கம் பாறைக் குழிகளில் கிடக்கிற காலிச் சங்குக்குள் குடியிருக்கிற துறவி நண்டு, நத்தை, பாறையில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரிகிற கடல் சாமந்தி ஒன்று, பாறையில் தாவுகிற இரண்டு குட்டி மீன், அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில், "என்ன அண்ணாச்சி, வெறும் கல்லுல்லா கெடக்கு" என்பார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றால் ஒரு கல் எழுந்து நடக்கும். அப்புறம் காபி ஆறிப்போனாலும் நகரமாட்டார்கள்.

ஆரம்பத்தில் எனக்கு ஆசை வேறாக இருந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் குளிர்ந்த கடலோரத்துப் பாறைக் குழி உயிர்களை வீட்டில் வளர்க்கிறவர்களின் தொட்டிகளைப் படங்களில் பார்த்தேன். தண்ணீர் 12, 13 டிகிரியில் நிற்கும். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பச்சைக் கடல் சாமந்தி, கத்தரிப்பூ நிறத்தில் நட்சத்திர மீன். கம்ப்ரஸரோடு பழகுகிற எனக்குக் கை துறுதுறுத்தது. சித்திரையில் எங்கள் கூடம் 34 டிகிரி. தண்ணீரை அங்கேயிருந்து 12-க்கு இறக்க வேண்டும். கண்ணாடி முழுக்க வியர்த்து ஒழுகும், இரட்டைக் கண்ணாடி போட வேண்டும், கம்ப்ரஸர் ராப்பகலாக ஓடும். அதெல்லாம் செய்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

நிறுத்தியது வேறொன்று. ராபர்ட் பெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் 1963-ல் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து இந்தக் கத்தரிப்பூ நட்சத்திர மீன்களை மட்டும் பிடுங்கி எறிந்துகொண்டே வந்தார். அவை இல்லாமல் போனதும் மட்டி பெருகிப் பாறையை மூடியது. 15 வகை உயிர்கள் இருந்த இடத்தில் 8 வகைதான் மிஞ்சின. அதைப் படித்த அன்று, எங்கோ ஒரு பாறையில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிற உயிரை வள்ளியூர்க் கூடத்துக்கு வரவழைக்க நினைத்ததே சங்கடமாகிவிட்டது. முக்கால் மணி நேரம் பைக்கில் போனால் என் கடல் இருக்கிறதே, அதை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லையே என்று தோன்றியது.

அங்கே எனக்கு ஒரு மீனவ நண்பர் உண்டு. அவர் வீட்டு ஐஸ்பெட்டியை ஒருமுறை சரிசெய்து கொடுத்ததில் தொடங்கிய பழக்கம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி போன் செய்வார்: "அண்ணாச்சி, நாளைக்குக் காலம்பற நல்ல வத்தம் இருக்கும், வாரியளா?" கடல் ஏறுவதை ஏத்தம், இறங்குவதை வத்தம் என்பது அவர் பேச்சு. நம் கரையில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அந்த முக்கால் மீட்டருக்குள்ளேதான் அத்தனை உயிர்களும் அடுக்கடுக்காகக் குடியிருக்கின்றன. மேலே வெயில் காய்கிற பாறையில் சின்ன நத்தை, அதற்குக் கீழே பாறையோடு ஒட்டிக் கிடக்கிற ஓட்டு உயிரான கொட்டலசு, இன்னும் கீழே ஈரம் வற்றாத குழியில் சாமந்தியும், உருண்டையாக உடம்பெல்லாம் முள்ளோடு இருக்கிற கடல் முள்ளெலியும்.

தெர்மாமீட்டரை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பேன். ஒரு சித்திரை மதியம் முழங்கால் ஆழக் குழி ஒன்றில் விட்டால் 36 காட்டியது. நாலடி தள்ளி அலை அடிக்கிற இடத்தில் 29. அதே இடத்தில் ஆடிக் கடைசியில் 25-தான். தென்மேற்குக் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிற காலம் அது. கன்னியாகுமரிப் பக்கம் இது வருடாவருடம் நடக்கிறது. அந்த மாதங்களில் குழியில் கால் வைத்தால் சிலீரென்று இருக்கும். எங்கள் வெயிலுக்கு 25 டிகிரியே குளிர்ந்த கடல்தான். தொட்டிக்கு அந்த எண்ணை எடுத்துக்கொண்டேன்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். மதியம் 36 டிகிரியைத் தாங்குகிற நண்டு வீட்டில் 31 டிகிரியில் ஏன் சாகிறது? முதல் கோடையில் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயின. குழி சூடாவது மூன்று, நாலு மணி நேரம்தான். அதற்குள் ஏத்தம் வந்து பழைய தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்விடும். என் தொட்டியில் ராத்திரியும் 31, மறுநாளும் 31, மாசம் முழுக்க 31. 12 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் எட்டரை மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஆறு சொச்சம்தான். இருப்பது குறைவு, சூட்டில் உயிர்களுக்குத் தேவைப்படுவது கூடுதல், கழிவோ அங்கேயே கிடக்கிறது. இந்த உயிர்கள் கஷ்டத்தைத் தாங்கும். ஆனால் கடல் திரும்பி வரும் என்ற கணக்கில்தான் தாங்குகின்றன. வீட்டில் வளர்க்கிறவன் அந்தத் திரும்பி வருகிற கடலாக இருக்க வேண்டும்.

சரி, குளிர வைப்போம் என்று பழைய வாட்டர் கூலர் ஒன்றைப் பிரித்தேன். செம்புக் காயிலை நீட்டி, பிரேசிங் வைத்து, கேஸ் ஏற்றி, நேராகத் தொட்டிக்குள் இறக்கினேன். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் 25-க்கு வந்தது. அன்று ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினேன். நாலாம் நாள் நத்தைகள் பாறையைப் பிடிக்க முடியாமல் அடியில் மல்லாந்து கிடந்தன. ஒரு துறவி நண்டு ஓட்டை விட்டு வெளியே வந்து, அந்த மெல்லிய வயிற்றைக் காட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. வேறு ஓட்டுக்கு மாறுகிற நேரம் தவிர, துறவி நண்டு உயிர் போகும் நிலையில்தான் ஓட்டை விடும். காயிலை வெளியே எடுத்தால் பச்சை பூத்திருந்தது. செம்பு உப்புத்தண்ணீரில் கரையும், துளி கரைந்தாலும் நத்தைக்கும் நண்டுக்கும் அது விஷம். செம்புதான் என் பிழைப்பு. அந்தச் செம்பை வைத்தே அவற்றைக் கொன்றது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

டைட்டானியம் காயில் போட்டால் சரியாகிவிடும், விலைதான் கட்டாது. கடைசியில் செய்தது இது: வாட்டர் கூலரின் தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி, செம்புக் காயில் அதைக் குளிர வைக்கட்டும் என்று விட்டேன். அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் இருபது மீட்டர் மெல்லிய பிளாஸ்டிக் ஓஸைச் சுருட்டிப் போட்டு, அதன் வழியாகக் கடல் தண்ணீரை ஓட விட்டேன். பிளாஸ்டிக் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, அதனால்தான் அத்தனை நீளம். உப்பு எந்த உலோகத்தையும் தொடுவதில்லை. ஆறு வருடமாக ஓடுகிறது, ஒரு ரிலே மட்டும் மாற்றியிருக்கிறேன்.

புதிதாக வைக்கிறவர்களுக்கு உப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆடிக் காற்றடிக்கிற நாட்களில் 120 லிட்டர் தொட்டியிலிருந்து தினம் மூன்று லிட்டர் ஆவியாகிவிடும். போவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே இருக்கும். குறைந்த இடத்தைக் கடல் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் 1.025 காட்டுகிற அளவில் நிற்க வேண்டும், அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீரேயானாலும் குளோரின் போக வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். தொட்டி வைத்த முதல் ஆறு வாரம் கல்லும் தண்ணீரும் மட்டும் இருக்கட்டும். உயிர்களின் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா கல்லில் குடியேற அவ்வளவு நாள் ஆகும்.

ஏத்தம் வத்தத்துக்கு வருகிறேன். இரண்டு தொட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருக்கிறேன். மேலே பாறை அடுக்கிய ஆழமில்லாத தொட்டி. கீழே பெரிய தொட்டி. மோட்டார் ஆறு மணி நேரம் தண்ணீரை மேலே ஏற்றும், மிஞ்சியது ஒரு குழாய் வழியாகக் கீழே விழுந்துகொண்டே இருக்கும். அடுத்த ஆறு மணி நேரம் மோட்டார் நிற்கும். மேல்தொட்டியின் அடியில் ஒரு சின்னத் துளை இருப்பதால் தண்ணீர் மெல்ல வடிந்து பாறை வெளியே தெரியும். அந்த வழிகிற குழாயை முதல்நாள் பார்த்ததுமே அப்பா, "மறுகாலு சின்னதா இருக்கேல, அடைச்சிக்கிட்டா என்ன செய்வே?" என்றார். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் போகிற வழிதான் மறுகால். அறுபது வருடம் குளத்துப் பாசனத்தில் வயல் செய்தவர் கண். ஒரு ராத்திரி நத்தை ஒன்று அந்தக் குழாய் வாயிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. விடிந்து பார்த்தால் கூடம் முழுக்க உப்புத் தண்ணீர். இப்போது இரண்டு மறுகால், இரண்டுக்கும் அகலமான வலை.

மோட்டாரை ஓட்டுகிற டைமர் 24 மணி நேரச் சக்கரம். கடலுக்கோ ஒரு நாள் என்பது 24 மணி 50 நிமிடம். ஏத்தம் தினமும் 50 நிமிடம் பிந்தித்தான் வரும். ஆறாம் வகுப்புப் படிக்கிற மகள் இதைக் கேட்டதிலிருந்து அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். சக்கரம் ஒரு பக்கமாகத்தான் சுற்றும். பிளக்கைப் பிடுங்கி, கிட்டத்தட்ட முழுச்சுற்றும் சுற்றி, 50 நிமிடம் குறைவாக நிறுத்தி மறுபடி மாட்டுவாள். அப்புறம் உள்ளே வந்து, "எப்பா, கடலத் தள்ளி வச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுப்பாள்.

2023 டிசம்பர் 17, 18 பெருமழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஊரில் எத்தனையோ பேர் வீட்டை இழந்து நின்ற நேரத்தில் தொட்டியைப் பற்றி வாய் திறக்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவை என்னை நம்பி இருக்கிற உயிர்கள். ஓடாத தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். முதல் ராத்திரி நானும் மனைவியும் மாற்றி மாற்றிக் கீழ்த்தொட்டித் தண்ணீரைச் செம்பில், இல்லை, பிளாஸ்டிக் மக்கில் மோந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். விடியற்காலம் கை ஓய்ந்தபோதுதான் புத்தி வந்தது. மேல்தொட்டியில் இருப்பவை வத்தத்தில் வாழப் பிறந்தவை. நிற்கிற தண்ணீரில் மூச்சு முட்டுவதைவிட ஈரக் காற்றில் இருப்பது அவற்றுக்கு மேல். மேல்தொட்டித் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, கடல் தண்ணீரில் நனைத்த கோணிச்சாக்கைப் பாறைமேல் போர்த்தினேன். மழையில் கூடமே 24 டிகிரிக்கு வந்திருந்தது. ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருதடவை கீழிருந்து நாலு வாளி ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வடித்தோம். கையாலேயே ஏத்தம், கையாலேயே வத்தம்.

கரண்ட் வந்து சாக்கை விலக்கியபோது நத்தைகள் எல்லாம் பாறையை இறுக்கிப் பிடித்திருந்தன. சாமந்தி ஈரக் கட்டி மாதிரி சுருங்கிக் கிடந்தது, தண்ணீர் ஏறிய அரைமணி நேரத்தில் விரல் விரலாக விரிந்தது. தாவுகிற மீன் இரண்டும் கல்லிடுக்கிலிருந்து கண்ணை உருட்டிப் பார்த்தன. கீழ்த்தொட்டியில் இருந்த முள்ளெலி மட்டும் பிழைக்கவில்லை. முள்ளெல்லாம் உதிர ஆரம்பித்திருந்தது, உடனே எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக வேறொன்று கொண்டுவரவில்லை.

துறவி நண்டு வீடு மாறுவதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. டார்ச்சில் சிவப்புத் தாளைக் கட்டிக்கொண்டு ராத்திரி உட்கார்ந்தால் பார்க்கலாம். காலிச் சங்கைக் கண்டதும் நேராக உள்ளே போகாது. முதலில் இரண்டு கொடுக்காலும் சங்கை உருட்டிப் பார்க்கும். வாய்க்குள் ஒரு கொடுக்கை விட்டு ஆழம் பார்க்கும், உள்ளே கிடக்கிற மணலை வெளியே தள்ளும். பழைய ஓட்டையும் புதுச் சங்கையும் வாய்க்கு வாய் நெருக்கி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். மீசை மட்டும் ஆடும். நாம் கண் சிமிட்டுவதற்குள் அந்த வெளுத்த, வளைந்த வயிறு இங்கேயிருந்து அங்கே போயிருக்கும். பிறகும் பழைய ஓட்டை உடனே விடாது. பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, புதியது பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகும். கன்னியாகுமரிக் கடைகளில் பாலிஷ் போட்டு விற்கிற சங்கை வாங்கிப் போடாதீர்கள். கரையில் ஒதுங்கிய வெறும் ஓடுகளே போதும், அதையும் பத்துக்கு மேல் எடுக்காதீர்கள், அங்கே இருக்கிற நண்டுகளுக்கும் வீடு வேண்டுமே.

கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் ஆகியவற்றை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றைத் தொடவே கூடாது. எனக்குப் பெயர் தெரியாத எதையும் நான் எடுப்பதில்லை. புரட்டிய கல்லை அதே பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அடியில் ஒட்டியிருப்பவை வெயிலில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. நான் போகிற பாறை எது என்று பலர் கேட்கிறார்கள். அந்த இடத்தை இங்கே எழுதப்போவதில்லை.

வருகிற அமாவாசைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். எதையும் எடுக்கப் போகவில்லை. இரண்டு கேன் தண்ணீர் மட்டும் கொண்டுவர வேண்டும். தெர்மாமீட்டரைத் தானே குழியில் வைப்பேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள்.