கிட்டப் போய் அடிப்பவர்கள்: வாரியர், ரோக், பாலடின் விளையாடிப் பார்த்தது

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு 2004 நவம்பரில் வெளியானது. அதன் ஆரம்பகால வடிவத்தை 2019 ஆகஸ்டில் கிளாசிக் என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். அதில் இதுவரை நான் விளையாடியதெல்லாம் தூர நின்று மந்திரம் வீசும் மேஜ் மட்டுமே. எதிரி நம்மிடம் வந்து சேர்வதற்குள் அவன் கதை முடிந்திருக்கும். வந்து சேர்ந்துவிட்டால் நம் கதை முடியும். இந்த ஓட்டம் அலுத்துப்போனதால், இனி எதிரியின் மூக்குக்கு முன்னால் நின்று அடிக்கும் கிளாஸ்களை, அதாவது பாத்திர வகைகளை, மட்டும் விளையாடுவது என்று முடிவு செய்தேன்.

ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று வாரியர் (போர்வீரன்), ரோக் (பதுங்கி அடிப்பவன்), பாலடின் (புனித வீரன்) மூன்றையும் மனித இனத்திலேயே உருவாக்கினேன். மூவரும் நார்த்ஷயர் மடத்து வாசலில்தான் பிறக்கிறார்கள். அதே ஓநாய்கள், தலையில் மெழுகுவர்த்தி கட்டிக்கொண்டு சுரங்கத்தில் திரியும் அதே கோபோல்டுகள். ஷாமன் எதிரணியான ஹோர்டுக்கு மட்டுமே உரியது. கரடியாகவும் பூனையாகவும் உருமாறி அடிக்கும் ட்ரூயிடை மனித இனம் எடுக்க முடியாது. ஆகவே அவை இரண்டும் இந்தக் கணக்கில் இல்லை.

தொடங்குவதற்கு முன் நான் நினைத்திருந்தது இதுதான்: மூவருமே பக்கத்தில் போய் வெட்டப்போகிறார்கள், ஆயுதமும் கவசமும் மாறும், மற்றபடி என்ன பெரிய வித்தியாசம்? வித்தியாசம் ஆயுதத்தில் இல்லை. அடுத்த அடிக்கு எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

வாரியர், முதல் பத்து லெவல்

மேஜுக்கு மனா என்ற மந்திர சக்தி நிரம்பிய நிலையில் சண்டை தொடங்கும். வாரியர் தன் அடிகளுக்குச் செலவிடும் ரேஜின் பட்டையோ காலியாக இருக்கும். அடித்தால் ஏறும், அடி வாங்கினாலும் ஏறும், சண்டை முடிந்ததும் தானாக இறங்கத் தொடங்கும். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பது இந்த கிளாஸுக்கு எழுத்துக்கு எழுத்து உண்மை.

நான்காம் லெவலில் சார்ஜ் கிடைத்ததும்தான் இதில் ருசி தட்டுகிறது. 8 முதல் 25 கஜம் தூரத்தில் நிற்கும் எதிரியின் மீது பாய்ந்தால் அவன் ஒரு நொடி திகைத்து நிற்பான், நமக்கும் 9 ரேஜ் கையில் இருக்கும். ஏற்கெனவே சண்டையில் இருக்கும்போது பாய முடியாது. அதனால் முந்தைய சண்டை முடிந்த உடனே, மிச்சமிருக்கும் ரேஜ் வடிந்துபோவதற்குள் அடுத்தவனைத் தேட வேண்டியிருக்கிறது. உட்கார்ந்து உயிரை நிரப்பிக்கொண்டு எழுந்தால் பட்டை காலி. உட்காராமல் ஓடினால் ரேஜ் இருக்கும், உயிர் இருக்காது. வாரியர் விளையாடுபவர்கள் எப்போதும் அவசரத்தில் இருப்பதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

எதிரே உள்ளவற்றில் மிகக் கவர்ச்சியான பொத்தான் ஹீரோயிக் ஸ்ட்ரைக். விலை 15 ரேஜ் என்று போட்டிருக்கும். ஆனால் இது உடனே விழும் அடி அல்ல. ஆயுதத்தின் அடுத்த வழக்கமான வீச்சுக்குப் பதிலாக விழுகிறது, அந்த வீச்சு தந்திருக்கக்கூடிய ரேஜும் வருவதில்லை. உண்மையான விலை 15ஐவிட அதிகம். ஆரம்ப லெவல்களில் ரெண்ட் போட்டு ரத்தம் வடியவிட்டு, வெறும் வீச்சுகளால் ரேஜ் சேர்த்துக்கொண்டு, மிஞ்சினால் மட்டும் ஹீரோயிக் ஸ்ட்ரைக் என்று வைத்துக்கொண்டேன். சண்டைகள் சுருங்கின.

எட்டாம் லெவலில் ஹாம்ஸ்ட்ரிங். காலை வெட்டி வேகத்தைக் குறைப்பது. மனித உருவ எதிரிகள் உயிர் குறைந்ததும் புறமுதுகிட்டு ஓடி, பக்கத்துக் கூட்டத்தையும் இழுத்து வருவார்கள். ஓடத் தொடங்குவதற்குச் சற்று முன் காலில் ஒரு வெட்டு வைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். மேஜாக இருந்தபோது ஓடுகிறவன் முதுகில் ஒரு தீப்பந்து போதுமானதாக இருந்தது. இங்கே முன்யோசனை வேண்டும்.

பத்தாம் லெவலில் டிஃபென்சிவ் ஸ்டான்ஸ், அதாவது தற்காப்பு நிலை. அதைப் பெற ஸ்டார்ம்விண்ட் நகர மதுக்கடையில் பார்ட்டில்பி என்ற குடிகாரரை அடித்துச் சாய்த்து அவருடைய குவளையைக் கொண்டுவர வேண்டும். தற்காப்புக் கலைக்கு இப்படியொரு தீட்சையா என்று சிரிப்பு வந்தது.

ரோக்

அடுத்து ரோக். இங்கே பட்டை நேர் எதிர். எனர்ஜி 100இல் தொடங்கும், இரண்டு நொடிக்கு ஒருமுறை 20 சேரும். அடித்தாலும் வாங்கினாலும் சும்மா நின்றாலும் அதே 20. சினிஸ்டர் ஸ்ட்ரைக் ஒன்றுக்கு 45 செலவு. நிரம்பிய பட்டையில் இரண்டு அடி, பிறகு காத்திருப்பு. வாரியரை எதிரியின் அடி இயக்குகிறது என்றால் ரோக்கை இயக்குவது கடிகாரம். சில லெவல்களுக்குப் பிறகு பட்டையைப் பார்க்காமலே அந்த இரண்டு நொடி விரல்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஒவ்வோர் அடிக்கும் எதிரியின் மீது ஒரு காம்போ புள்ளி விழும். அதிகபட்சம் ஐந்து. அவற்றை இவிசரேட் என்ற முடிப்பு அடியில் கொட்டி முடிக்க வேண்டும். புள்ளிகள் இருப்பது எதிரியின் மீதுதான், நம்மிடம் இல்லை. அவன் செத்தால் அவையும் போகும், வேறொருவனுக்கு மாறினாலும் போகும். சாதாரண எதிரிகள் ஐந்து புள்ளி வரை உயிரோடு இருப்பதே அரிது. இரண்டு மூன்றிலேயே முடித்துவிடுவதுதான் லாபம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்துப்போனது கௌஜ். எதிரி நம்மைப் பார்த்து நிற்கும்போது முகத்தில் ஓர் இடி. நான்கு நொடி அவன் செயலற்று நிற்பான். செலவு 45 எனர்ஜி. அந்த நான்கு நொடியில் 40 திரும்பி வந்துவிடுகிறது! ஏறக்குறைய இலவசமாக, நான்கு நொடிக்கு அவன் அடி நம்மீது விழாது. கையில் குத்துவாள் இருந்தால் அந்த இடைவெளியில் அவன் முதுகுப்பக்கம் நடந்து போய் பேக்ஸ்டாப் வைக்கலாம். அதற்கு 60 எனர்ஜி வேண்டும், பின்னால் நிற்கவும் வேண்டும். நடந்து போகும் அந்தச் சில எட்டுகளில் எனர்ஜி எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, எதிரியின் தோள் திரும்புவதற்குள் குத்துவது, இந்த மூன்று கிளாஸிலும் நான் கண்ட மிக நேர்த்தியான விஷயம்.

பத்தாம் லெவலில் இரண்டு கைகளிலும் ஆயுதம் பிடிக்கலாம். பார்க்க அட்டகாசமாக இருக்கும், ஆனால் காற்றை வெட்டுவதும் கூடும். ஒரே லெவல் எதிரியிடம் வழக்கமான வீச்சு குறி தவறும் வாய்ப்பு 5 சதவீதம். இரண்டாவது ஆயுதம் வந்ததும் அதனோடு இன்னும் 19 சேர்ந்து 24 ஆகிறது. சினிஸ்டர் ஸ்ட்ரைக் போன்ற சிறப்பு அடிகளுக்கு இந்தக் கூடுதல் கிடையாது. ஆகையால் கை வீசுவதை நம்பாமல் எனர்ஜியை நம்ப வேண்டும்.

மனித இனத்துக்கு வாளிலும் கதாயுதத்திலும் 5 புள்ளி கூடுதல் திறன் உண்டு என்பதால் குத்துவாளிலிருந்து வாளுக்கு மாறினேன். ஸ்டார்ம்விண்டில் ஆயுதப் பயிற்சியாளரிடம் காசு கொடுத்தால் கற்றுத்தருவார். ஆனால் திறன் 1இலிருந்துதான் தொடங்கும், உச்சவரம்பு லெவலைப் போல் ஐந்து மடங்கு. புது வாளோடு போய் நம் லெவல் பன்றி ஒன்றைச் சீண்டினால் நடப்பது வேடிக்கை. திரையில் வரிசையாக ‘தவறியது, தவறியது’. பன்றி மட்டும் ஒருமுறைகூடத் தவறுவதில்லை. நம்மைவிட மிகவும் சிறிய விலங்குகளைத் தேடிப் போய் அடித்துத் திறனை ஏற்றிக்கொண்டு திரும்புவதுதான் வழி. அந்தப் பிற்பகல் முழுவதும் எல்வின் காட்டுக்கு நான் ஒரு சாபக்கேடாக இருந்திருப்பேன்.

இருபதாம் லெவலில் விஷம் தயாரிக்கக் கற்றுக்கொள்ளும் பணி வருகிறது. வெஸ்ட்ஃபாலில் ஒரு கோபுரத்துக்குள் பதுங்கி நுழைய வேண்டும். அந்த முயற்சியில் ரோக்கின் உடம்பிலேயே விஷம் ஏறிக்கொள்கிறது. மாற்று மருந்துக்கு அலைவது தனி வேலை.

பாலடின்

இதைப் பற்றி நீட்டி எழுத அதிகம் இல்லை. 30 நொடி நிற்கும் சீல் என்ற மந்திரம் ஒன்றைப் போடுகிறோம். ஆயுதம் தன்பாட்டுக்கு வீசுகிறது. பத்து நொடிக்கு ஒருமுறை ஜட்ஜ்மென்ட் அடித்தால் சீல் அதில் கரைந்துவிடும், மறுபடி போட வேண்டும். அவ்வளவுதான். காத்திருப்பது ஆயுதத்தின் வீச்சுக்காக, அந்த வீச்சோ மெதுவானது. கையில் வேறு ஏதாவது வேலை வைத்துக்கொண்டே விளையாடலாம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கணக்கு அழகாக இருக்கிறது. ஹேமர் ஆஃப் ஜஸ்டிஸ் எதிரியை மூன்று நொடி மயக்கும். ஹோலி லைட் என்ற குணமாக்கும் மந்திரத்துக்கு இரண்டரை நொடி. இடையில் அடி விழுந்தால் மந்திரம் பின்தள்ளப்படும் என்பதால், மயக்கிவிட்டு உடனே தொடங்கினால் ஒரு மந்திரம் சிந்தாமல் சிதறாமல் முடியும். அரை நொடிதான் உபரி. வாரியர் இரண்டு முறை செத்திருக்கக்கூடிய இடத்தில் பாலடின் சாவகாசமாக நின்று பிழைக்கிறது. பிழைப்பது வேறு, விளையாடுவது வேறு. இருபதை ஒட்டி வெரிகன்ஸ் ஃபிஸ்ட் என்ற கதாயுதத்துக்காக, குழுவாகப் போக வேண்டிய மூன்று டன்ஜன்களில் பொருள் சேகரிக்கும் பணி காத்திருக்கிறது. நான் அதைத் தொடவில்லை.

டெட்மைன்ஸில் டேங்க்

பதினெட்டை எட்டியதும் வாரியரோடு டெட்மைன்ஸ் என்ற டன்ஜனுக்குப் போனேன். ஐந்து பேர் குழு. எனக்கு முன்வரிசை: எதிரிகளின் அடியைத் தன்மீது வாங்கிக்கொள்ளும் டேங்க் வேலை. இங்கேதான் வாரியரின் மறுபக்கம் தெரிந்தது. தனியாகத் திரியும்போது பஞ்சமாக இருந்த ரேஜ், மூன்று பேர் சேர்ந்து என்னை அடிக்கும்போது பெருகி வழிகிறது. அதைச் செலவழிக்கத் தெரிவதுதான் வேலை.

டிஃபென்சிவ் ஸ்டான்ஸில் வாங்கும் அடி 10 சதவீதம் குறையும், கொடுக்கும் அடியும் 10 சதவீதம் குறையும். பதிலுக்கு எதிரிக்கு நம்மீது எழும் ஆத்திரம் 30 சதவீதம் கூடும். அந்த ஆத்திரக் கணக்கில் பக்கத்தில் நிற்பவர் நம்மை 10 சதவீதம் தாண்டினால் எதிரி அவரிடம் திரும்புவான். தூரத்தில் நிற்பவருக்கு 30 சதவீதம் வரை சலுகை உண்டு. ஆகவே மேஜைவிட ரோக்கைத்தான் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் நின்று அடிக்கும் ரோக்காக இருந்தபோது டேங்க் ஏன் அவ்வளவு சலித்துக்கொள்கிறார் என்று யோசித்ததுண்டு. இப்போது நான் சலித்துக்கொண்டேன்.

இன்னொன்று, எதிரி நம் வாளைத் தடுப்பது முகத்துக்கு நேரே நிற்பவரிடம்தான். தடுத்துவிட்டால் அவனுடைய அடுத்த வீச்சு சீக்கிரம் வரும், அதை வாங்குவது டேங்க். முதுகுப்பக்கம் போய் நில்லுங்கள் என்று நான் குழுவில் எழுதிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இது. குணமாக்க வந்தவர் ஒரே வரியில் பதில் போட்டார்: “அவர்கள் நிற்கட்டும், நீங்கள் முதலில் என் மனாவுக்காகக் கொஞ்சம் நில்லுங்கள்.” நியாயம்தான். சார்ஜ் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு கூட்டத்தின் மீதும் பாய்ந்துகொண்டிருந்தேன்.

கப்பல் மேல்தளத்தில் மிஸ்டர் ஸ்மைட் என்ற பெரிய எதிரி. உயிர் 66 சதவீதத்துக்கும் 33க்கும் இறங்கும்போது காலால் ஓங்கி மிதித்து எல்லோரையும் திகைக்கவைத்துவிட்டு, பெட்டியிடம் ஓடி ஆயுதம் மாற்றிக்கொண்டு வருகிறார். வாளோடு தொடங்கியவர் இரண்டு கோடரிகளோடு திரும்புவார், பிறகு ஒரு பெரிய சம்மட்டியோடு. திகைப்பு தெளிந்ததும் அவர் யாரிடம் போகிறார் என்பது அதற்கு முன் சேர்த்துவைத்த ஆத்திரத்தைப் பொறுத்தது. முதல் மிதிக்கு முன், எதிரியின் கவசத்தைக் குறைத்து ஆத்திரத்தை ஏற்றும் சண்டர் ஆர்மரை ஐந்து அடுக்கு ஏற்றிவைத்திருந்தேன். நேராக என்னிடமே வந்தார். அங்குள்ள கூட்டத்தின் தலைவன் எட்வின் வான்கிளீஃப் பாதி உயிரில் ஆட்களை அழைத்தபோது மட்டும் ஒருவன் நழுவி, குணமாக்கும் ஹீலரிடம் போனான். எதிரியை நம் பக்கம் திருப்பும் டான்ட் போட்டு இழுத்துக்கொண்டேன்.

முப்பதைத் தாண்டி

இதன் பிறகு ரோக்கை விடுதியில் படுக்கவைத்துவிட்டேன். நேரம் குறைவான நாட்களில் பூட்டுத் திறக்கப் பழக எழுப்புகிறேன். மற்றபடி வாரியர்தான்.

ஸ்டான்ஸ் மாற்றினால் கையிலிருக்கும் ரேஜ் முழுவதும் போய்விடும் என்பது ஆரம்பத்தில் பெரிய இடைஞ்சலாக இருந்தது. டாக்டிகல் மாஸ்டரி என்ற திறமையில் ஐந்து திறமைப் புள்ளி போட்டால் 25 வரை தங்கும். அந்த 25 ஏன் அவ்வளவு முக்கியம் என்பது முப்பதாம் லெவலில் விளங்குகிறது. பெர்சர்க்கர் ஸ்டான்ஸ் அப்போதுதான் கிடைக்கும். ஃப்ரே தீவில் ஒருவர் பின் ஒருவராக மோதிவிட்டுக் கடைசியில் பிக் வில் என்ற முரடனைச் சாய்க்க வேண்டும். மனிதர்கள் இருக்கும் அணியான அலையன்ஸ்காரர்களுக்கு அந்தத் தீவு வரை போவதே ஒரு யாத்திரை. அதே லெவலில் ஆர்ம்ஸ் என்ற திறமைக் கிளையில் ஸ்வீப்பிங் ஸ்ட்ரைக்ஸ் வருகிறது. 30 ரேஜ் செலவில் அடுத்த ஐந்து அடிகள் பக்கத்தில் நிற்கும் இன்னொருவனையும் சேர்த்து வெட்டும். இதைப் போடுவது ஆரம்பத்திலிருந்தே இருக்கும் பேட்டில் ஸ்டான்ஸில். பெர்சர்க்கருக்கு மாறினால் 25 மிஞ்சும். சுற்றி நிற்பவர்களை வெட்டும், பெர்சர்க்கரில் மட்டுமே போடக்கூடிய, முப்பத்தாறில் கிடைக்கும் வேர்ல்விண்டின் விலை சரியாக 25!

நான் இன்னும் முப்பத்துமூன்றில் இருக்கிறேன். வேர்ல்விண்ட் கோடரிக்கான பணி நடக்கிறது. ஆல்டெராக் மலையில் இருந்து இந்தப் பணியைத் தரும் பாத்ரா என்பவருக்காக அராத்தியில் தீ, நீர், இடி வடிவப் பூதங்களை அடித்துத் தாயத்துகள் சேர்க்க வேண்டும். தீயும் நீரும் முடிந்தன, இடி பாக்கி. கடைசியில் எழுப்பப்படும் சைக்ளோனியன் 40ஆம் லெவல் எலைட், அதாவது குழுவாக அடிக்க வேண்டிய வலிய எதிரி, என்பதால் தனியாக ஆகாது. டெட்மைன்ஸ் ஹீலரிடம் கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்றார், ஒரு நிபந்தனையோடு: சார்ஜ் பொத்தானை அவர் சொன்ன பிறகுதான் தொட வேண்டுமாம்.