செங்காரிக்குக் குறி சுடுவது எப்படி

2011ஆம் ஆண்டு தை மாதம் பாடசாலை நூலகத்தை என் பொறுப்பில் தந்தார்கள். நூலகம் என்று ஓர் அறை அப்போது இல்லை. கிளிநொச்சிக்குக் கிழக்கே, இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓடும் பக்கம், சனம் மீளக் குடியேறி ஒரு வருடம்கூட ஆகாத ஊர். தகரக் கூரை, அரைச்சுவர், மழை பெய்தால் நான் கத்துவது எனக்கே கேட்காது. இருந்ததெல்லாம் ஓர் இரும்பு அலுமாரி, அதன் கதவில் சன்னம் துளைத்த இரண்டு ஓட்டைகள். பிள்ளைகள் அந்த ஓட்டைக்குள் பென்சிலை விட்டு விட்டு எடுப்பார்கள். நானும் போருக்குப் பிறகு சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் இருந்து வந்தவள்தான், அதனால் அந்த ஓட்டைகளைப் பற்றி நான் அவர்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

வெளிநாட்டில் இருந்து யாரோ அனுப்பிய புத்தகப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அத்தனையும் ஆங்கிலம். அதற்குள் ஒரு டிராகன் கதை இருந்தது, தடித்த அட்டை, பக்கத்துக்குப் பக்கம் படம். பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருவன் பனிமலை ஏறிப் போய், குகைக்குள் படுத்திருக்கும் டிராகனைத் தேடிப் பிடிக்கிற கதை. ஒரு பக்கத்தை மனதுக்குள் வாசித்துவிட்டு, நிமிர்ந்து, அதைத் தமிழில் சொல்லுவேன். கிழமைக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம், தரம் 4உம் 5உம் ஒன்றாக இருக்கும். அப்படித் தொடங்கியதுதான், இன்னும் முடியவில்லை.

முதல் கிழமையே சொல்லில் இடறியது. டிராகன் எண்டா என்ன ரீச்சர் என்று கேட்டார்கள். அகராதியில் பறவை நாகம் என்று இருந்தது, அதையே சொன்னேன். உடனே ஒரு பிள்ளை, "நாகதம்பிரானோ ரீச்சர்?" என்று கேட்டது, கை தானாகவே கும்பிடப் போனது. புளியங்குளத்துக்கு அங்கால் இருக்கிற புதூர் நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைக்கிற வீட்டுப் பிள்ளை. நாகம் இங்கே கும்பிடுகிற சொல், வாளோடு போய் வெட்டுகிற கதைக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை. படத்தைத் திருப்பிக் காட்டினேன். கோயில் வாசலில் பார்த்த ஞாபகத்தில் மகரம் என்றார்கள் சிலர், யாளி என்றார்கள் சிலர். பின்வாங்கில் இருந்தவன், "அது உடும்பு ரீச்சர், செட்டை முளைச்ச உடும்பு" என்றான்.

அவன் சொன்னது எவ்வளவு சரி! இந்தோனேசியாவில் கொமோடோ என்று ஒரு தீவு இருக்கிறது, அங்கே 3 மீற்றர் வரை வளருகிற, மானையும் எருமையையும் அடித்துத் தின்கிற ஒரு பிராணி இருக்கிறது, ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே டிராகன்தான், ஆனால் அது உடும்புக் குடும்பம் என்று சொன்னேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு அவனே சொன்னான், "அப்ப எங்கட உடும்பு டிராகனுக்கு ஒண்டவிட்ட தம்பி."

அடுத்தது மலை. வன்னிப் பிள்ளைக்கு மலை எங்கே இருக்கிறது? நிலம் தட்டையாகக் கிடக்கிறது, அவர்கள் ஏறின ஆக உயரமான இடம் குளக்கட்டு. சரி, குளக்கட்டை விடப் பெரிசு என்று வைத்துக்கொண்டோம். குகைதான் பெரிய பாடு. நான் விளங்கப்படுத்திக்கொண்டே போனேன்: நிலத்துக்குள் இருக்கும், வாசல் சின்னன், குனிஞ்சுதான் போகவேணும், உள்ளே இருட்டு... முடிக்கவில்லை, அத்தனை பேரும் ஒரே குரலில், "பங்கர்!"

அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அன்றில் இருந்து டிராகன் பங்கருக்குள்தான் இருந்தது. குண்டுக்குப் பதுங்குகிற அந்தக் குழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை விட அவர்களுக்குக் கூடத் தெரிந்திருந்தது. வாசல் நேரே இறங்கக்கூடாது, ஒருக்கால் திரும்பவேணும். மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போடவேணும். மழை பெய்தால் உள்ளே தண்ணீர் நிற்கும், பாம்பு வரும், அதனால் டிராகன் மாரிக்கு வெளியில்தான் படுக்கும். இதையெல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளைகள், வீடு கட்டுகிற மேசன் சொல்வது போல நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது கிழமை நான் பிழை விட்டேன். டிராகன் முதல்தரம் பறக்கிற இடம். கதை சொல்கிற உற்சாகத்தில் மேசையில் இரண்டு கையாலும் தட்டி, தொண்டையால் இரைந்து, தலைக்கு மேலால் அது போகிற மாதிரிச் சத்தம் எழுப்பினேன். நிமிர்ந்து பார்த்தபோது முன்வாங்கில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. அவன் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தான். முழங்கை இரண்டும் நிலத்தில், உள்ளங்கையால் காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தான். காது அடைக்காமல் இருக்க வாயைத் திறக்கச் சொல்லி அவனுக்கு யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பாதி வகுப்பு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குண்டு போடுகிற கிபிர் விமானம் வருகிற சத்தத்தை நான் எழுப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கும் அதே சத்தம் தெரியும், நானும் அதே மாதிரிக் கிடந்திருக்கிறேன், இருந்தும் யோசிக்காமல் விட்டுவிட்டேன். போய் அவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். என்ன சொல்லுவது என்று தெரியாமல் முதுகில் கையை மட்டும் வைத்திருந்தேன். கனநேரம் கழித்து எழும்பி, சேர்ட்டில் மண்ணைத் தட்டிவிட்டு, "ரீச்சர், டிராகன் வாற நேரம் முதலே சொல்லுங்கோ" என்றான். நிப்பாட்டச் சொல்லவில்லை, முதலே சொல்லச் சொன்னான்.

இரண்டு நாள் யோசித்தேன். அடுத்த கிழமை அவனைக் கூப்பிட்டு, "நீ கை உயர்த்தினால்தான் டிராகன் பறக்கும் ராசா, உயர்த்தாட்டில் அது படுத்தே கிடக்கும்" என்றேன். அன்றைக்கு அது பறக்கவே இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. மற்றப் பிள்ளைகள் பொறுமையாக இருந்தார்கள், ஒரு பிள்ளைகூட அவனை அவசரப்படுத்தவில்லை. மூன்றாம் கிழமை அவன் கையைக் கொஞ்சமாக, தோள் அளவுக்கு உயர்த்தினான், நான் சத்தமே இல்லாமல் புத்தகத்தை மட்டும் அசைத்துப் பறக்க வைத்தேன். தவணை முடிகிற நேரம் ஒரே பாடவேளையில் ஏழு தரம் கை உயர்த்தினான், சத்தத்தையும் அவனே போட்டான். நான் படித்த எந்தப் பயிற்சியிலும் இது இருக்கவில்லை, அந்தப் பிள்ளையிடம் இருந்துதான் கற்றுக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் மேற்பார்வைக்கு வந்த ஒருவர், புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவாத கதை, அதுவும் பயப்படுத்துகிற கதை, பயத்துக்குள்ளால் வந்த பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்டார். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் நான் இன்றைக்கும் அதை ஏற்கவில்லை. பயம் கதையால் வரவில்லையே, அது ஏற்கெனவே வாங்கில் வந்து குந்தியிருந்தது. அதற்கு ஒரு வாலும் செட்டையும் ஒரு பெயரும் கிடைத்தபோதுதான் பிள்ளைகள் அதோடு கதைக்கத் தொடங்கினார்கள்.

காட்டோரம் சிவப்பு மிதிவெடிப் பலகைகள் நின்ற காலம் அது. டிராகன் காட்டுக்குள் இறங்கப் போகிறது என்று நான் சொல்ல, ஒரு பிள்ளை எழும்பி, "ஏலாது ரீச்சர், அங்க மண்டையோட்டுப் பலகை இருக்கு" என்றாள். இன்னொருத்தி, அது பறந்துகொண்டே ஊதட்டும், வெடிக்கிறதெல்லாம் வெடிச்சு முடியட்டும், பிறகு நாங்கள் விறகுக்குப் போகலாம் என்றாள். ஆங்கிலப் புத்தகம் அந்த இடத்தில் கைவிடப்பட்டது. இனி எங்கள் கதையையே எழுதுவோம் என்று ஒரு 200 பக்கக் கொப்பி வாங்கி அலுமாரியில் வைத்தேன்.

கொப்பிக் கதையில் டிராகனைத் தேடிப் போவது ஒரு பொம்பிளைப் பிள்ளை. அவளுக்குப் பெயர் இல்லை, ஏனென்றால் வகுப்பில் இருந்த பத்தொன்பது பேரும் தங்கள் பெயரை வைக்கச் சொன்னார்கள், கடைசியில் பிள்ளை என்றே விட்டோம். டிராகனுக்குப் பெயர் வைப்பதில் சண்டையே வரவில்லை. சிவப்பும் கறுப்பும் கலந்த நிறம், ஆகவே செங்காரி. மாட்டுக்கு வைக்கிற பெயர். அங்கே இருந்து கதை முழுதாகப் பட்டிக்குள் போய்விட்டது. செங்காரிக்கு நாணயக் கயிறு குத்தவேணுமா என்று ஒரு பாடவேளை முழுக்கக் கதைத்தோம். மூக்கில் குத்தினால் நெருப்பு வருகிற வழி அடைபடும் என்று ஒரு கட்சி, கயிறு எப்படியும் எரிஞ்சு போகும், குத்தி என்ன பிரயோசனம் என்று மற்றக் கட்சி. அது யாருடைய வயலுக்குள் இறங்கினால் யார் நட்டம் கட்டுவது என்பதையும் விட்டுவைக்கவில்லை, கட்டாக்காலி மாட்டால் காலபோக நெல்லைப் பறிகொடுத்த வீடுகள் வகுப்பில் நாலைந்து இருந்தன.

குறி சுடுகிற கதையும் அப்போதுதான் வந்தது. மாட்டுக்குத் தொடையில் குறி சுட்டால்தான் காணாமல் போனால் இன்னாருடையது என்று சொல்லலாம். "ஆனா செங்காரிக்குக் குறி சுட ஏலாது ரீச்சர், அதுக்குத்தான் நெருப்புச் சுடாதே" என்றாள் ஒருத்தி. அப்படியானால் அது யாருடையது? இந்தக் கேள்வி கொப்பியில் 31ஆம் பக்கத்தில் இருக்கிறது, அவள் எழுதியபடியே, சுழிகளில் பாதி தலைகீழாக.

ஆங்கிலக் கதையில் கடைசியில் பெடியன் டிராகனைக் கொல்லுகிறான். எங்கள் கொப்பியில் எப்படி முடிப்பது என்று கேட்டேன், ஐப்பசியில் கந்தசட்டி முடிந்த அடுத்த நாள் என்று நினைக்கிறேன். கோயிலில் சூரன் போர் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள், யானைமுகமும் சிங்கமுகமும் மாறி மாறி வந்ததை இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு பெடியன் சொன்னான், "சூரனையே முருகன் கொல்லேல்லை. மயிலாக்கிச் சேவலாக்கித் தன்னோட வச்சிருக்கிறார். எங்கட செங்காரியை ஏன் கொல்லோணும்?" அதற்கு மேல் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முருகனும் பிள்ளைதானே என்று மட்டும் ஒருத்தி முணுமுணுத்தாள்.

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையில் இரணைமடுவின் 14 வான்கதவுகளும் திறக்கப்பட்டன. ஊர் தண்ணீருக்குள் போனது, பாடசாலையில் சனம் வந்து தங்கியது, அலுமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறி வீங்கிப்போயின. ஆங்கில டிராகன் புத்தகம் அதோடு போனது. கொப்பி மேல்தட்டில் இருந்ததால் தப்பியது. தை மாதம் திரும்பி வந்த பிள்ளைகள் புதிய பிள்ளைகள், கிபிர் சத்தம் கேட்டே அறியாதவர்கள், அவர்களுக்குப் பங்கர் என்பது அப்பா சொல்கிற கதை. அவர்கள் கேட்டது, செங்காரி வந்து தண்ணீரைக் குடித்திருக்கலாமே என்று.

சீனாவில் டிராகன் நெருப்புக் கக்குவதில்லை, அது மழைக்கும் ஆற்றுக்கும் அதிபதி, மழை பொய்த்தால் அதைத்தான் கும்பிடுவார்கள் என்று அப்போது சொன்னேன். அவர்களுக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது. ஆனால் ஒரு விவசாயி மகன் விடவில்லை. முழுக்கக் குடித்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீருக்கு எங்கே போவது? குளம் 36 அடி. 34 அடிக்கு வருமட்டும் குடிக்கட்டும், அதோடு நிறுத்தவேணும் என்று தீர்மானித்தார்கள். அதை யார் அளப்பது? பிள்ளை குளக்கட்டில் நின்று அளவுகோலைப் பார்த்துச் சத்தம் போடுவாள். செங்காரி நிறுத்தும். அந்தப் படத்தை ஒருத்தி தவணைப் பரீட்சை வினாத்தாளின் பின்பக்கத்தில் வரைந்து தந்தாள். செதில்களை ஓலைப்பெட்டி இழைக்கிற மாதிரி, ஒன்றன் கீழ் ஒன்றாக, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தாள், ஒரு இழைகூடத் தவறவில்லை. அவளின் அம்மம்மா பெட்டி இழைத்து விற்கிறவர். குளக்கட்டில் நிற்கிற பிள்ளை ஒரு புளியங்கொட்டை அளவுதான், ஆனால் டிராகனின் கண் அவளைத்தான் பார்க்கிறது.

இப்போது எங்களுக்குச் சீமெந்துக் கட்டடம், மின்விசிறி, நாலு புத்தக இறாக்கை. பழைய அலுமாரியை ஏலத்தில் விடச் சொன்னார்கள், நான் கேட்டு வைத்துக்கொண்டேன். மேசைக்குக் கீழே கிடந்த அந்தப் பெடியன் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டான், ஒருநாள் தங்கையைக் கூட்டிப்போக வந்தவன் அலுமாரி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இப்ப ஆர் கை உயர்த்துறது?" என்று கேட்டான். முறை வைத்து உயர்த்துகிறார்கள் என்றேன். தலையாட்டினான்.

போன வியாழக்கிழமை 31ஆம் பக்கத்தை இந்த வருடப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். மாட்டு வைத்தியர் வந்து மஞ்சள் தகடு குத்துவாரே, அதைக் காதில் குத்தலாம், நெருப்பே வேண்டாம் என்று ஒருவன் சொன்னான். பத்து வருடமாக ஒருவருக்கும் தோன்றாத விடை! நான் எழுதப் போக, முன்வாங்குப் பிள்ளை கையை நீட்டிப் பேனையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்கோ ரீச்சர். செங்காரிக்குக் காது இருக்கோ?"

பழைய படங்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினோம். சிலதில் காது இருக்கிறது, சிலதில் இல்லை. மணி அடித்துவிட்டது.