மெழுகுக் கோடு

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு, வந்து மூன்று நாளாகிறது. நகத்தில் நீலச் சாயம் இன்னும் போகவில்லை. "ஓவியம் சொல்லிக்கொடுக்க இத்தனை வருசப் படிப்பா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார். நான் படிப்பது தஞ்சோங் மாலிமில், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில். 1922இல் மலாய் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம்.

இந்த செமஸ்டர் முழுக்கப் பாத்தேக்தான், மெழுகால் கோடு போட்டுத் துணிக்குச் சாயம் ஏற்றும் கலை. சாந்திங் என்கிற, சின்ன மூக்கு வைத்த கருவியில் உருகிய மெழுகை மொண்டு துணியில் கோடு போட வேண்டும். சூடு கூடினால் பரவிவிடும். ஆறிப்போனால் துணிக்குள் இறங்காது, சாயம் கோட்டைத் தாண்டிவிடும். என் செம்பருத்தி இரண்டு தடவை அப்படித்தான் நாசமானது.

துணியை அம்மாவிடம் காட்டினேன். ரப்பர் தோட்டத்தில் இருபது வருசம் பால்மரம் வெட்டியவர். பூவைப் பார்க்கவே இல்லை, கோட்டைத் தடவினார். "கை நின்னு நின்னு போயிருக்கு. மரத்துல இப்படி வெட்டினா பால் கோட்டுல நிக்காது, பட்டையில வழிஞ்சிடும்" என்றார். விரிவுரையாளரும் இதையேதான் சொன்னார், மலாயில், மார்க்கைக் குறைத்துவிட்டு.

அப்புறம், நாளைக்கு நான் சொல்லிக்கொடுக்கப்போகும் சின்னப் பிள்ளைகளிடம் அடுப்பும் மெழுகும் கொடுக்க முடியாதே. அதனால் கோதுமை மாவுப் பசையைச் சாஸ் பாட்டிலில் ஊற்றிக் கோடு போட்டுப் பார்க்கிறேன். தோசை மாவில் கை வைத்துவிட்டேனா என்று அம்மா அடிக்கடி எட்டிப் பார்க்கிறார்.