சாரணர் மரக்குடில்: பத்திரத்தில் தொடங்கி அடிக்கட்டை வரை

அமெரிக்கச் சிற்றூர்களில் பூங்கா ஓரத்திலோ பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலோ, உருட்டு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சாரணர் குடில் ஒன்று இன்னும் நின்றுகொண்டிருக்கும். பலவும் 1930களில் எழுந்தவை. மரம் ஊராருடையது, ஆணியும் கண்ணாடியும் லயன்ஸ் கிளப்போ ரோட்டரியோ வாங்கித் தந்தவை, கூலி பல இடங்களில் அரசு கொடுத்தது. இன்று அடிக்கட்டை இற்று, மூலை தொய்ந்து, இடித்துவிடலாமா என்ற பேச்சு எழும்போதுதான் எங்களைப் போன்ற தன்னார்வக் குழுக்கள் கூடுகின்றன. அப்படியொரு குடிலின் பழைய காகிதங்களைத் தேடி, மரத்தைச் சரிசெய்து, தேசிய வரலாற்று இடங்கள் பதிவேடு வரை கொண்டுபோகும் வேலை எப்படி நடக்கும் என்பதை எழுதி வைக்கிறோம். வந்தவுடன் ஜாக்கியைத் தூக்குகிறவர்கள் முதலில் பத்திரத்தைத் தூக்க வேண்டும்.

வில்லங்கம் பார்க்காமல் ஒரு டாலர்கூடப் போடக் கூடாது. சாரணர் படைக்குப் பொதுவாகச் சொந்தப் பெயரில் சொத்து இருக்காது. அதை நடத்த ஒப்புக்கொண்ட தேவாலயம், சங்கம், முன்னாள் படைவீரர் அமைப்பு போன்ற ஒன்றின் பெயரில்தான் எல்லாம் இருக்கும். டபிள்யூ.பி.ஏ. (1930களின் பெருமந்தத்தில் வேலையற்றோருக்காக மத்திய அரசு நடத்திய பொதுவேலைத் திட்டம்) பணத்தில் கட்டியதென்றால் சிக்கல் இன்னொரு விதம். அந்தத் திட்டத்தில் பொது நிலத்தில், ஒரு பொது அமைப்பின் பொறுப்பில்தான் கட்டிடம் எழுப்பலாம். அதனால் நிலத்தை நகராட்சிக்கோ பள்ளி வாரியத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, படை அதைக் காலமெல்லாம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வாய்மொழியாகவோ ஒரு வரித் தீர்மானமாகவோ முடித்திருப்பார்கள். கவுண்டி பதிவகத்தில் பத்திரத்தையும், நகராட்சிக் கூட்டக் குறிப்பேட்டில் அந்தத் தீர்மானத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். ஒன்று மட்டும் கிடைத்தால் பாதிக் கதைதான். சாரணர் தலைமையமைப்பான 'பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா' 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கோரி 2023 ஏப்ரலில் அதிலிருந்து வெளிவந்த காலத்தில், பல தேவாலயங்கள் படைகளோடு இருந்த ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டன. பழைய பேச்சை நம்பி இருந்த குடில்களுக்கு எழுத்துபூர்வமான குத்தகை தேவைப்பட்டது. இப்போது அந்த அமைப்பின் பெயரும் மாறி, 2025 பிப்ரவரி முதல் 'ஸ்கவுட்டிங் அமெரிக்கா'. புதிய பத்திரத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, யார் கட்டினார்கள் என்ற கேள்வி. ஊரில் கேட்டால் எல்லாக் குடிலையும் 'பையன்கள் கட்டினார்கள்' என்பார்கள். பழைய உள்ளூர்ச் செய்தித்தாளைப் புரட்டினால் பெரும்பாலும் வேறு கதை: பையன்கள் பட்டை உரித்தார்கள், ஓடைக்கல் சுமந்தார்கள், பாசி பொறுக்கினார்கள். கோடரி பிடித்தவர்கள் அப்பாக்களும், நிவாரணக் கூலிக்கு வந்த வேலையற்ற தச்சர்களும். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். என்றாலும் பதிவேட்டுக்கு உண்மைதான் செல்லுபடியாகும்.

நிவாரணத் திட்டங்களின் பெயர்களை அக்காலச் செய்தியாளர்களே குழப்பியிருக்கிறார்கள். ஆண்டை வைத்துச் சரிபார்க்கலாம். குறுகிய காலப் பொதுவேலைத் திட்டமான சி.டபிள்யூ.ஏ. 1933 நவம்பரில் தொடங்கி மறு வசந்தத்துக்குள் முடிந்துபோனது. காடு, பூங்கா வேலைகளுக்கு இளைஞர் முகாம்கள் நடத்திய சி.சி.சி. 1933 முதல் 1942 வரை. டபிள்யூ.பி.ஏ. 1935 மே மாதத்தில்தான் பிறந்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த என்.ஒய்.ஏ. இளைஞர்களுக்கானது. ஆகவே '1934இல் டபிள்யூ.பி.ஏ. கட்டிய குடில்' என்று பித்தளைப் பலகையில் பொறித்திருந்தாலும் அது தவறு. ஆண்டு பிழையா, திட்டத்தின் பெயர் பிழையா என்று கண்டுபிடிக்க வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.பி.ஏ. கோப்புகள் 69ஆம் தொகுதி, என்.ஒய்.ஏ. 119, சி.சி.சி. 35. தொகுதி எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் வேலை நகரும்.

இனி மரம். அப்பலாச்சிய மலைப்பகுதிக் குடில்களில் அமெரிக்கச் செஸ்ட்நட் கிடைக்க வாய்ப்பு அதிகம். 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அரை நூற்றாண்டுக்குள் அந்த மரத்தைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. ஆனால் நின்றபடி செத்த மரம் வைரம் பாய்ந்தது, எளிதில் இற்றுப்போகாது. 1930களில் மலைச்சரிவெல்லாம் இப்படி நின்றதால் ஊராருக்கு அது கிட்டத்தட்ட இலவசச் சரக்கு. ஓக் மரத்தோடு குழப்பிக்கொள்வது வழக்கம். கட்டையின் வெட்டுமுகத்தைக் கூர்உளியால் சீவிப் பாருங்கள். ஓக் என்றால் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் அகலமான கதிர்க்கோடுகள் வெறும் கண்ணுக்கே தெரியும். செஸ்ட்நட்டில் அவை தெரியாது. மரம் எது என்று தெரியாமல் மாற்றுக்கட்டை வாங்கக் கூடாது. பழைய தந்திக்கம்பங்களை நன்கொடையாக வாங்கிக் கட்டிய குடில்களும் உண்டு. அவற்றில் கிரியோசோட் (மரம் இற்றுப்போகாமல் ஏற்றும் தார் எண்ணெய்) ஊறியிருந்தால், கழித்த துண்டுகளை முகாம் நெருப்பில் போடவே கூடாது. அந்தப் புகை நஞ்சு.

சேதம் எங்கே என்று தேடுமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு வேலையில்லை. ஈரமானியின் ஊசியை வெயில் முகத்தில் குத்தி ஏமாறாதீர்கள். வடக்குச் சுவரின் அடியிலும், கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கும் உயரத்திலும், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலைத் தலைகளிலும் குத்த வேண்டும். அந்தத் தலைகள் முகாம் தோற்றத்துக்காக நீளமாக விடப்பட்டவை. வெட்டுமுகம் தண்ணீரைக் குடிக்கும், இறவாணம் அங்கே எட்டாது. அடிக்கட்டைக்கும் தரைக்கும் இடையே 12 அங்குலமாவது வேண்டும், 18 இருந்தால் நிம்மதி. தொண்ணூறு ஆண்டில் இலையும் மண்ணும் சேர்ந்து தரை உயர்ந்திருக்கும். பல குடில்களுக்கு முதல் மருத்துவம் மண்வெட்டிதான். சுவரில் சாய்த்து அடுக்கிய விறகை அன்றே அகற்றுங்கள்.

மூலைக் காடியை, அதாவது மூலையில் கட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வெட்டை, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேர்ந்த கை, மேலே உட்காரும் கட்டையின் அடிவயிற்றில் சேணம்போல் குடைந்து, கீழ்க்கட்டையின் முதுகில் கவிழ்க்கும். மழைநீர் வழிந்தோடிவிடும். பழகாத கை கீழ்க்கட்டையின் முதுகிலேயே குழி தோண்டி மேல்கட்டையை அதில் உட்கார வைக்கும். அந்தக் குழி ஒவ்வொரு மழையிலும் ஒரு கிண்ணம். ஒரே குடிலில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. மேல்நோக்கிய காடிகள் எல்லாவற்றுக்கும் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். இற்றுப்போனவை பெரும்பாலும் அவையாகத்தான் இருக்கும்.

சுத்தியலின் பின்பக்கத்தால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்றால் சரி, பொத்தென்றால் குத்தூசி. அரை அங்குலம் இறங்கி நின்றால் மேல்தோல் மட்டும் போயிருக்கிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. எதிர்ப்பே இல்லாமல் இரண்டு அங்குலம் போனால் உள்ளே கூடு. மெல்லிய மாவு கொட்டியிருந்தால் வண்டு, சிராய் சிராயாகக் குவிந்திருந்தால் தச்செறும்பு. எறும்பு இருக்கிறதென்றால் ஈரமும் இருக்கிறதென்று பொருள்.

அடிக்கட்டை மாற்றுவதுதான் எல்லாரும் பயப்படும் கட்டம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும். 10 அங்குல விட்டம், 30 அடி நீளம் உள்ள காய்ந்த வெள்ளைப் பைன் கட்டை ஏறத்தாழ 410 பவுண்டு, அதாவது 186 கிலோ. சுவருக்குப் பத்துக் கட்டை என்றால் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு, அதன்மேல் பாதிக் கூரை. 20 டன் ஜாக்கி நான்கு வைத்தால் தூக்கும் சக்திக்குப் பஞ்சமே இல்லை. தவறு நடப்பது ஜாக்கியின் காலடியில். மண் அமுங்கி ஜாக்கி சாயும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய தடித்த மரத்துண்டுகளின் மேல் இரும்புத் தகடு போட்டு, அதன்மேல்தான் ஜாக்கி. ஹைட்ராலிக் ஜாக்கி தூக்க மட்டும். தாங்குவதற்கு மரத்துண்டுகளை உடனுக்குடன் அணைத்து வைக்க வேண்டும். ஜாக்கியின் எண்ணெய் கசியாது என்று நம்பி யாரும் அடியில் கை நீட்டக் கூடாது.

இரண்டாவது, மூன்றாவது கட்டைகளுக்கு இடையே உள்ள சாந்தைப் பெயர்த்து, அந்த இடுக்கு வழியே எஃகுச் சட்டம் செருகி, உள்ளும் புறமும் ஜாக்கி வைப்பது ஒரு முறை. இடுக்கு போதாவிட்டால், சுவரின் இருபக்கமும் செங்குத்தாகச் சட்டம் நிறுத்தி, நல்ல கட்டைகளோடு ஊடுருவி போல்ட் போட்டு, அந்தச் சட்டத்தைத் தூக்கலாம். தரை உத்திரங்கள் அடிக்கட்டையில் செருகியிருந்தால் அவற்றுக்குத் தனித் தாங்கல். புகைபோக்கியைச் சுவர் தொடும் இடத்தில் பூச்சையும் தகட்டையும் முன்கூட்டியே விடுவியுங்கள். இல்லையென்றால் சுவர் ஏறும், கல் ஏறாது, விரிசல் விழும். கதவு ஜன்னல் நிலைகளையும் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, எல்லா ஜாக்கியிலும் சமமாக.

எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கட்டையை மேலே விடுவிக்கப் பார்த்தால் காடியின் ஆழம் முழுக்க, நான்கைந்து அங்குலம், சுவரையே தூக்க வேண்டியிருக்கும். அது பேராபத்து. சுவரின் பாரத்தை ஜாக்கியில் ஏற்றும் அளவுக்குக் கால் அங்குலம் தூக்கிவிட்டு, அஸ்திவாரத்தின் மேல்வரிசைக் கற்களை எண் எழுதிப் பெயர்த்தெடுங்கள். பழைய கட்டை கீழே இறங்கிவிடும். புதியதும் அதே வழியாகக் கீழிருந்து மேலே ஏறும். நுனியும் அடியும் எந்தப் பக்கம் என்று பழையதை அளந்து வையுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி வைத்துத்தான் சுவரை மட்டமாகக் கட்டியிருப்பார்கள். புதிய கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரச் சுவர் ஓர் அடி உயரத்துக்கு முக்கால் அங்குலம் வரைகூடச் சுருங்கி இறங்கும். பழைய சுவர் எப்போதோ இறங்கி முடித்துவிட்டது. நடுவில் ஒரு பச்சைக் கட்டை வந்தால் அது மட்டும் சுருங்கி மேலே சந்து விடும்.

சுவரின் நடுவில் உள்ள கட்டை இற்றிருந்தால் முழுதாக எடுக்க வழியில்லை. இற்ற பகுதியை வெட்டி, விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது நீளத்துக்கு அரைப்பங்கு ஒட்டுப்போட்டு (இரு துண்டிலும் பாதித் தடிமனைச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்தி), ஒட்டு முகம் செங்குத்தாக நிற்கும்படி சேர்ப்போம். படுக்கை ஒட்டில் தண்ணீர் தங்கும்.

சாந்துக்கு வருவோம். 1930களில் கட்டைகளில் பாதி ஆணி அடித்து, கம்பி வலை கட்டி, போர்ட்லண்ட் சிமெண்ட் பூசினார்கள். மரம் கோடையில் சுருங்கி மழையில் ஊதும். சிமெண்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழைப் பிளவு விழும், அதில் இறங்கிய நீர் வெளியேற முடியாமல் கட்டையின் முதுகிலேயே கிடக்கும். மேலும் சிமெண்டை அள்ளிப் பூசிப் பிளவை அடைப்பவர்கள் கட்டையை உள்ளே புதைக்கிறார்கள். ஆனால் அந்தச் சிமெண்டும் இன்று வரலாற்றுப் பொருள்தான். முழுவதையும் உடைத்தெறிவது எங்களுக்கு உடன்பாடில்லை. ஒட்டி நிற்பதை விட்டுவிடுங்கள், கழன்றதை மட்டும் எடுங்கள்.

கலவை அளவு, கன அளவில்: சிமெண்ட் கால் பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் நான்கு பங்கு, நிறம் பொருந்த உலர்நிறப்பொடி அரைக்கால் பங்கு, பிடிப்புக்குப் பன்றி மயிர். மேல்விளிம்பு மேல்கட்டையின் அடியில் ஒளிந்திருக்க வேண்டும். கீழ்விளிம்பு கீழ்க்கட்டையின் முகத்துக்குச் சற்று உள்ளே முடிந்து வெளிச்சாய்வாக நிற்க வேண்டும். திண்ணைபோல் நீட்டினால் மழை அதில் உட்காரும். இரவில் 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகும் பருவத்தில் பூசாதீர்கள். பூசிய பிறகு ஈரச்சாக்கு தொங்கவிட்டு நாள்கணக்கில் மெதுவாக உலரவிடுங்கள்.

சாந்துக்கு முன்பே போரேட் (பூஞ்சையும் பூச்சியும் அண்டாமல் காக்கும் உப்பு) அடித்துவிட வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 1.1 கிலோ போட்டால் 10 சதவீதக் கரைசல். வார்னிஷ் மேல் அடித்தால் உள்ளே போகாது, மழையில் விட்டால் கரைந்தோடும். காய்ந்ததும் மூச்சுவிடும் மேற்பூச்சு ஒன்று போதும். பழைய வழக்கப்படி ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் கரும்பூசணம்தான் மிச்சம்.

கணப்படுப்பில் ஒன்றே ஒன்று: அக்காலக் கல் புகைபோக்கிகள் பலவற்றுக்கு உட்குழாய் கிடையாது. தகுந்தவர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை நெருப்பு மூட்டாதீர்கள்.

பதிவேட்டு வேலையை மரவேலைக்கு முன்பே தொடங்குங்கள். மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் முதலில் ஒரு பூர்வாங்கப் படிவம் கேட்கும். அவர்கள் தகுதி உண்டு என்ற பிறகுதான் முழு விண்ணப்பம். அதில் 7ஆம் பிரிவு கட்டிடத்தின் விவரிப்பு, 8ஆம் பிரிவு அதன் முக்கியத்துவம். கட்டிடத்துக்குப் பொதுவாக 50 ஆண்டு வயதாவது இருக்க வேண்டும் என்ற விதி 1930களின் குடிலுக்கு ஒரு தடையே அல்ல. தடை வருவது இரண்டு இடத்தில். தேவாலயத்தின் பெயரில் இருந்தாலோ, குடிலை வேறிடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்திருந்தாலோ கூடுதல் நிபந்தனைகளுக்கு விடை சொல்ல வேண்டும். புதிதாக வைத்த கட்டைகளில், கண்ணில் படாத முனையில் ஆண்டைச் சூட்டுக்கோலால் பொறித்து, அதைப் படம் எடுத்து விவரிப்பில் சேருங்கள். மாநில ஆய்வுக்குழு ஒப்புக்கொண்டபின் விண்ணப்பம் தேசியப் பூங்காத் துறைக்குப் போகும். அங்கே 45 நாள். 20 சதவீத மத்திய வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வருமானம் ஈட்டும் கட்டிடங்களுக்கு மட்டும். வாசலில் பதிக்கும் வெண்கலப் பலகையையும் அரசு தராது. அதை நாம்தான் காசு கொடுத்துச் செய்ய வேண்டும். அதில் ஆண்டையும் திட்டத்தின் பெயரையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துவிட்டு வார்க்கக் கொடுங்கள்.