ஃபெர்ன் பொழைச்சிருச்சு, மிளகுக்கொடிதான் ஏற மாட்டேங்குது

சேலத்து மே மாசத்த ஒரு பாஸ்டன் ஃபெர்ன் (தொட்டில வளக்கற பெரணிச் செடி) தாண்டிருச்சுங்க. எங்க வீட்ல. இது நாலாவது செடி, முன்னாடி இருந்த மூணையும் கொன்னது நாந்தான், அத ஒத்துக்கறேன். இன்னிக்கு காலைல காபி டம்ளரோட போய் எண்ணிப் பாத்தேன், நடுவுல இன்னும் விரியாத 14 இலைச் சுருள் கெளம்பி நிக்குது, கைமுறுக்கு சுத்தப் போற மாவு மாதிரி ஒவ்வொண்ணும் சின்னதா மடிஞ்சு, மேல பழுப்பு ரோமம் வேற. போன வருசம் இதே நேரம் இந்த இடத்துல ஒரு வெறும் தொட்டியும் நாலு காஞ்ச குச்சியும்தான் இருந்துச்சு.

ஃபெர்ன் கூடவே வளக்கறது ஒரு மிளகு. ரெண்டும் கன்னங்குறிச்சி வீட்டு வடக்குப் பாத்த போர்டிகோல, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டடி. ரெண்டும் நெழல் கேக்கற செடி, அதனால எது இங்க நல்லா வரும்னு பாப்போம்னுதான் ஆரம்பிச்சேன். எல்லாரும் சொன்னது மிளகு வந்தாலும் வரும், ஃபெர்ன் வரவே வராதுன்னு. மேல ஏற்காடு 1500 மீட்டர் உயரம், நாம கெடக்கறது 280 சொச்சத்துல, 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி வந்தா செடிக்கு மூச்சு முட்டாதான்னு கேட்டாங்க. நானும் சூடுதான் கொல்லுதுன்னு ரெண்டு வருசம் நம்பிட்டு இருந்தேன்.

மொதல் செடி நெசமாவே சூட்லதான் போச்சு, மேற்கு ஜன்னல்ல வெச்சா வேற என்ன ஆகும். ரெண்டாவது வேற ரகம், வேர்ல சின்னச் சின்னதா கிழங்கு கட்டுமே, அது. நல்லா வந்துட்டு இருந்துச்சு. ஒரு நாள் இலைக்கு அடியில ரெண்டு பக்கமும் வரிசையா பழுப்புப் புள்ளி. பக்கத்து வீட்டக்கா பாத்துட்டு செதில் பூச்சின்னாங்க, நானும் வேப்பெண்ணெய கலக்கி அடிச்சுத் தள்ளிட்டேன். அது பூச்சியே இல்ல, அதோட வித்து. கோலப்புள்ளி மாதிரி இம்மி பிசகாம வரிசையா இருக்கறப்பவே புரிஞ்சிருக்கணும், எந்தப் பூச்சி அளவு பாத்து உக்காரும்? எண்ணெய் ஒத்துக்காம மூணே நாள்ல இலை எல்லாம் கருகிப் போச்சு.

மூணாவதுதான் இந்தக் கதையே. எடம் சரி, நெழல் சரி, தண்ணி வேளா வேளைக்கு ஊத்தறேன், ஆனாலும் நுனி காயுது. மொதல்ல நுனி, அப்புறம் ஓரம், அப்புறம் மொத்த மட்டையும் பொலபொலன்னு கொட்டுது. தண்ணி பத்தலைன்னு இன்னும் ஊத்துனேன், இன்னும் வேகமா காஞ்சுது. நான் ஊத்துனது எந்தத் தண்ணி தெரியுமா, ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளுதே, அந்த வேஸ்ட் தண்ணி. தண்ணிய வீணாக்காம செடிக்கு ஊத்தறேன்னு எனக்குப் பெருமை வேற! ஃபில்டர் மாத்த வந்த தம்பிகிட்ட, தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர வாங்கி வீட்ல இருக்கற எல்லா தண்ணிலயும் விட்டுப் பாத்தேன். போர் தண்ணி 1300. ஆர்ஓ வேஸ்ட் 1900த்த தாண்டுது. காவேரித் தண்ணி 280. ஏசில இருந்து சொட்டுற தண்ணி வெறும் 16. திரும்பத் திரும்ப வெச்சுப் பாத்தேன், 16தான். வெள்ளைக்கல் வெட்டற ஊர்ல போர் போட்டா கல்லுதான் வரும்னு எங்க வீட்டுக்காரர் சிரிக்கறார்.

மெஷின் நல்ல தண்ணிய நமக்குக் குடுத்துட்டு உப்ப எல்லாம் சேத்து வேஸ்ட்ல தள்ளுது, அத நான் கொண்டு போய் ஃபெர்ன் தலையில கொட்டிருக்கேன். தண்ணி ஆவியா போயிரும், உப்பு போகாது. மண்தொட்டி வெளிய வெள்ளையா பூத்திருந்துச்சு பாருங்க, அதையும் தொட்டி பழசாயிருச்சுன்னு நெனச்சு தேச்சுக் கழுவி வெச்சேன். செடிக்குள்ள ஏறுன தண்ணி கடைசியா போய் நிக்கறது இலை நுனியில, உப்பும் அங்கதான் சேருது. ஃபெர்னுக்கு நுனிக்கா பஞ்சம், ஒரு மட்டைக்கே எண்ண முடியாத அளவு.

அதனால நாலாவது செடிக்கு பொறந்ததுல இருந்து ஏசி தண்ணிதான். காவேரித் தண்ணிய ஊத்தலாமேன்னு கேப்பீங்க, அது எங்க தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருக்கா வருது, அத செடிக்கு ஊத்துனா எங்க அத்தை என்னை வீட்ட விட்டு ஊத்திருவாங்க. ஏசி பைப்ப பாத்ரூமுக்குள்ள விட்டிருந்தாங்க, அத திருப்பி 20 லிட்டர் கேன்ல சொருகிட்டேன். காத்து வறண்டு கெடக்கற மார்ச் மாசத்துல ராத்திரி பூரா ஓடுனாலும் மூணு லிட்டர் தேறல, கோடை மழை ரெண்டு பேஞ்சதும் அஞ்சு லிட்டருக்கு மேல வருது. ஒரு விசயம், ஏசி சர்வீஸ் பண்ண அன்னிக்கும் மறுநாளும் வர்ற தண்ணிய கீழ கொட்டிருங்க, காயில் கழுவுற கெமிக்கல் அதுல வரும். நான் தப்பிச்சது தற்செயல், அன்னிக்கு கேன் கவுந்து கெடந்துச்சு.

தொட்டிக்குப் போடற கோகோ பீட்லயும், அதான் தென்னைநார்த் தூள், உப்பு உண்டு, இது தெரியாம ரொம்பப் பேரு ஏமாறுறாங்க. கடைல கேக்கறப்ப கழுவுன பீட்டான்னு கேட்டே வாங்குங்க. ஆமான்னுதான் சொல்லுவாங்க, நம்பாதீங்க. எனக்கு ஒரு கடைல குடுத்த கட்டிய ஊற வெச்சுப் பிழிஞ்சா டீ டிகாஷன் கலர்ல தண்ணி, மீட்டர்ல 1100. அஞ்சு தடவை அலசினேன். இப்ப 15 நாளைக்கு ஒருக்கா தொட்டில ஏசி தண்ணிய நெறைய ஊத்தி அடியில ஒழுகறத பிடிச்சு மீட்டர் வெச்சுப் பாக்கறேன், போன வாரம் 310. இப்படி அலசுனா சத்தும் சேந்து போயிரும், அதனால 19:19:19 உரம் லிட்டருக்கு கால் கிராம், மாசம் ரெண்டு வாட்டி. அதுக்கு மேல ஆசைப்பட வேண்டாம், அதுவும் உப்புதான்.

அப்புறம் தொட்டிய விட்டு நூல் மாதிரி இலையே இல்லாம தொங்குமே, அத அசிங்கமா இருக்குன்னு வெட்டிடாதீங்க. பாஸ்டன் ஃபெர்ன் வித்துல வராது, புதுச் செடி அந்த நூல்லதான் வரணும். நான் ஒரு நூல பக்கத்துத் தொட்டில ஹேர்பின் குத்தி அமுக்கி வெச்சிருக்கேன்.

சரி, மிளகு. இதுல எனக்கு நடந்தது அவமானம். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் தெரிஞ்சவங்க எஸ்டேட், சில்வர் ஓக் மரத்த சுத்தி மிளகு சும்மா தளதளன்னு ஏறி நிக்குது. கேட்டுட்டு நானே போய் வெட்டுனேன், திரி, அதான் மிளகு காய்க்கற கதிர், புடிச்சிருந்த நல்ல கிளையா பாத்து மூணு. காய்க்கற கிளைய வெட்டுனா சீக்கிரம் காய்க்கும்னு ஒரு பேராசை. அதுல ஒண்ணு பொழச்சுது. அதுக்குன்னு ரெண்டு இன்ச் பிவிசி பைப்ல அஞ்சடிக்கு நெருக்கமா தென்னங்கயிறு சுத்தி, மேல ஒரு பாட்டில கவுத்தி சொட்டு விட்டு, கம்பம் ரெடி பண்ணேன். கை தோல் உரிஞ்சு போச்சு. மிளகு கம்பத்த ஏறெடுத்தும் பாக்கல. ஒன்றரை வருசமா பக்கவாட்டுல பரந்துட்டு ஒன்றரை அடி உசரத்துல தேமேன்னு நிக்குது, இழுத்துக் கட்டுனா விலகிப் போகுது.

மறுபடி மேல போனப்ப அங்க வேலை செய்யற தாத்தாகிட்ட கேட்டேன். "எங்கம்மா வெட்டுன"ன்னாரு. காட்டுனேன். "கைய வெட்டி நட்டுட்டு நடக்கலைன்னா எப்டிம்மா?" அவ்ளோதான் சொன்னாரு, அப்புறம் கூட இருந்தவங்க எல்லாம் ஒரே சிரிப்பு.

விசயம் என்னன்னா மிளகுல மரத்த பிடிச்சு ஏறற தண்டு வேற, அதுல கணுவுக்குக் கணு பற்றுவேர் விடும். காய்க்கற பக்கக்கிளை வேற, அதுக்கு பிடிக்கற வேர் கெடையாது, வெட்டி நட்டாலும் அது பக்கக்கிளையாவேதான் வளரும், ஏறாது. அதத்தான் நர்சரில புதர் மிளகுன்னு தொட்டில வெச்சு விக்கறாங்க. காசு குடுத்து வாங்கற ஒண்ண நான் தெரியாமயே செஞ்சு வெச்சிருக்கேன்! இந்த வருசம் 11 திரி காய்ச்சுது, காய வெச்சு பொடிச்சா ரெண்டு வேளை ரசத்துக்கு வந்துச்சு. காரம் சுள்ளுன்னு இருந்துச்சு, அதுல குறை சொல்ல முடியாது. இதுக்கு போர் தண்ணிதான் ஊத்தறேன், அடி இலை ரெண்டு மூணு ஓரம் கருகறதோட சரி. தோல் மாதிரி தடிச்ச இலைங்கறதால தாங்குது போல. தண்ணி தேங்குனாதான் வேர் அழுகும், மத்தபடி ரெண்டு நாள் ஊருக்குப் போனா கோவிச்சுக்காது. ஃபெர்ன அப்படி விட்டுட்டுப் போக முடியாது, கல்யாண வீட்ல உக்காந்துகிட்டு கேன்ல தண்ணி இருக்கான்னு ஃபோன் பண்ணிட்டு இருக்கேன். சேலத்துல வீட்ல ஒரு செடிதான் வெக்கணும், சும்மா வளந்தா போதும்னா மிளகுதான். ஆனா காலைல எழுந்து போய் பாக்கணும்னு தோண வெக்கறது ஃபெர்ன்.

அந்தக் கம்பம் வீணாகல. சும்மா நின்னுச்சேன்னு அடியில ஃபெர்ன் தொட்டிய தள்ளி வெச்சேன், பாட்டில் தண்ணில கயிறு எப்பவும் ஈரமாவே இருக்கறதால அந்தப் பக்கத்துச் சுருள்தான் மொதல்ல விரியுது. இப்ப என்ன சிக்கல்னா பிப்ரவரி கடைசில அந்தத் தாத்தாவே கொடி அடியில தரையில ஓடுன தண்ட வெட்டிக் குடுத்தாரு. மூணு கணுவா நறுக்கி ஆறு கவர்ல வெச்சதுல ரெண்டு துளுத்து நாலு இன்ச் வந்திருக்கு. அதுங்களுக்கு அந்தக் கம்பம் வேணும். ஃபெர்ன நகத்த எனக்கு மனசு வரல, இன்னொரு கம்பம் சுத்த கை ஒத்துழைக்கல.

அதுக்குள்ள மான்கொம்பு ஃபெர்ன் ஒண்ணு பலகைல கட்டணும்னு ஆசை வந்திருச்சு, பலகை கூட வாங்கிட்டேன். செடி எங்க நல்லா கெடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஏற்காடு மலர் கண்காட்சிக் கூட்டத்துல போய் வாங்கற தெம்பு எனக்கு இல்ல.

குளிர் காலத்துல ஏசி ஓடாது, தண்ணிக்கு என்ன பண்றதுன்னு இப்பவே கவலை. மாடி மழைத்தண்ணிய பிடிக்க 200 லிட்டர் ட்ரம் பேசி வெச்சிருக்கேன், கொசு போகாம வாய்க்கு வலை கட்டணும், இல்லைனா மாநகராட்சி ஆளுங்க வந்து கவுத்துட்டுப் போயிருவாங்க. நேத்து மத்தியானம் ஆளே இல்லாத ரூம்ல ஏசி ஓடிட்டு இருந்துச்சு. யாரு போட்டதுன்னு வீட்டுக்காரர் கேட்டார். நான் ஒண்ணும் சொல்லல. எட்டிப் பாத்தேன், கேன்ல ஒரு லிட்டர் சேந்திருந்துச்சு.