பஞ்சுவின் வயிறும் ஆத்தாவின் அரிசிம்பருப்பும்

பஞ்சுவுக்கு ஏழு வயது. வெள்ளை ஸ்பிட்ஸ் நாய், எடை ஆறு கிலோகூட வராது. போன ஆடியில் ஆரம்பித்த வயிற்றுப்போக்கு ஐப்பசி வரைக்கும் விடவில்லை. இரண்டு நாள் நன்றாக இருப்பான், மூன்றாம் நாள் விடியற்காலையில் கதவைப் பிறாண்டுவான், எழுந்து திறப்பதற்குள் திண்ணையிலேயே போய்விடும். அப்புறம் தப்புச் செய்துவிட்டவன் போல மூலையில் ஒண்டிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஊர் கோபிக்குப் பக்கம். முதலில் காட்டிய டாக்டர் மலப் பரிசோதனை, பூச்சி மருந்து, வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று எல்லாமே பார்த்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் மட்டும் ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. உண்ணிக் காய்ச்சலோ என்று அதற்கும் பார்த்தார், அதுவும் இல்லை. மெட்ரோனிடசோல் என்கிற மருந்தைக் கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் அடுத்த வாரமே திரும்ப ஆரம்பிக்கும். இப்படியே மூன்று சுற்று.

கோயம்புத்தூரில் கால்நடை மருத்துவம் முறையாகப் படித்து, அதற்கு மேல் சீன முறை அக்குபஞ்சரும் கற்றுக்கொண்ட ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று கூட்டாளி சொன்னான். நாய்க்கு ஊசி வைத்தியமா என்று யோசித்தேன். சரி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

அவர் முதலில் பஞ்சுவின் நாக்கைப் பார்த்தார். அப்புறம் பின்தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கு வெளுத்திருக்கிறது, ரத்தம் பத்தவில்லை, மண்ணீரலும் பலவீனம் என்றார். ஸ்கேனில் மண்ணீரல் நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டேன். சாப்பிட்டதைச் செரித்து உடம்புக்குத் தெம்பாக மாற்றுகிற வேலை முழுவதையும் சீன மருத்துவத்தில் மண்ணீரல் கணக்கில் சேர்ப்பார்களாம், ஸ்கேனில் தெரிகிற உறுப்பை மட்டும் சொல்வதில்லையாம். எனக்கு அது புரிந்தது. ஆத்தா ‘சூடு’, ‘குளிர்ச்சி’ என்று சொல்வதும் இப்படித்தானே, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிற சூடா அது?

முடி போல மெல்லிய ஊசிகள். பின்னங்காலில் முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு புள்ளி, சூசான்லி என்று பெயர். வயிற்றுக் கோளாறு என்றால் முதலில் அங்கேதான் வைப்பார்களாம். இரண்டு ஊசிக்கு முறைத்தான், அப்புறம் என் மடியிலேயே தூங்கிவிட்டான்.

கிளம்பும்போது அவர் ஒரு நோட்டு போடச் சொன்னார். யார் கொடுத்தாலும், ஒரு வாய் என்றாலும், ஒரு வாரத்துக்கு எழுதி வையுங்கள் என்றார். அதில்தான் எல்லாம் வெளியே வந்தது.

வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் அரிசிம்பருப்புச் சோறுதான். கொங்கு வீடுகளில் அது எப்படி ஆகும் என்று தெரியுமே, சின்ன வெங்காயமும் பூண்டும் கை நிறையப் போட்டு, மேலே நெய்யை ஊற்றி. ஆத்தா தன் தட்டிலிருந்து பஞ்சுவுக்கு இரண்டு உருண்டை உருட்டிப் போடாமல் சாப்பிட மாட்டாள். வயிறு போகிறது என்று தெரிந்ததும் வெந்தயம், சீரகம், பெருங்காயம், பூண்டு, வெங்காயம் எல்லாம் அரைத்துப் பனைவெல்லத்தில் உருட்டி அதையும் எங்களுக்குத் தெரியாமல் கொடுத்து வந்திருக்கிறாள். அது மாட்டுக் கழிச்சலுக்குக் கொடுக்கிற நல்ல மருந்து, எங்கள் கட்டுத்தரையில் எத்தனையோ கன்றுகள் அதில் பிழைத்திருக்கின்றன.

ஆனால் நாய்க்கு வெங்காயமும் பூண்டும் விஷம். ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்தக் குணம் போகாது. ஒரே நாளில் நிறையத் தின்றால்தான் என்றில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் உள்ளே போனாலும் ரத்தம் குறையும், சின்ன உடம்பு என்றால் இன்னும் சீக்கிரம். நெய் வேறு, அந்தக் கொழுப்பு இவனைப் போன்ற சின்ன நாய்களின் கணையத்துக்கு ஆகாது. ஆக அந்த ரத்த ரிப்போர்ட்டும் வெளுத்த நாக்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கின்றன. வீட்டில் என்ன போடுகிறீர்கள் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஆத்தாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஏங்கண்ணு, மாட்டுக்கு ஆகறது இவனுக்கு ஆகாதா?”

“மாட்டு வயிறு வேற, இவன் வயிறு வேற, ஆத்தா. உனக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியலையே.”

அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. பஞ்சு அவள் கட்டிலுக்குக் கீழேதான் படுத்திருந்தான்.

அப்புறம் குழைய வேகவைத்த சோறு, தோலும் எலும்பும் இல்லாத கோழி, மசித்த அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) இரண்டு ஸ்பூன், உப்புகூடக் கிடையாது. ஒரு நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. இதையே மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறையும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், மூன்று வாரத்துக்குப் பிறகு அவனுடைய வழக்கமான நாய் உணவை மெல்லக் கலந்து மாற்றினோம். ஊசி ஐந்து முறை. பத்தே நாளில் மலம் கட்டிப்பட்டுவிட்டது, இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபினும் ஏறிவிட்டது.

ஊசியால் குணமா, வெங்காயத்தை நிறுத்தியதாலா என்று கேட்கிறார்கள். எல்லாம் ஒரே வாரத்தில் ஆரம்பித்தது, பிரித்துச் சொல்ல முடியாது. வெங்காயத்தை நிறுத்தாமல் ஊசி மட்டும் வைத்திருந்தால் தேறியிருக்க மாட்டான் என்பது என் எண்ணம். ஆனால் அங்கே போகாமல் இருந்திருந்தால் அந்த நோட்டும் இல்லை. ஒன்று மட்டும் தயவுசெய்து கேளுங்கள், மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, பிடரித் தோலை இழுத்துவிட்டால் உடனே திரும்பாமல் அப்படியே நிற்பது, இதில் எது தெரிந்தாலும் ஊசியும் வேண்டாம் உருண்டையும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தடுப்பூசி முடியாத குட்டி என்றால் பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம், அரை நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது அடுப்பில் இரண்டு பாத்திரம் ஏறுகிறது. சின்னது பஞ்சுவுடையது. அதில் வேறு யாரும் கரண்டி போடக் கூடாது என்று ஆத்தா சொல்லிவிட்டாள், வெங்காயம் நறுக்கிய கையாக இருந்தால் அவளே இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அவனுக்கு உருண்டை பிடிக்கிறாள்.