தம்பியின் பிஆர் தப்பிய கதை

குடித்துவிட்டுக் கார் ஓட்டிய வழக்கில், கனடாவில் பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) உள்ள தம்பிக்குக் கிடைத்தது 1,000 டாலர் அபராதமும் ஒரு வருட ஓட்டுநர் தடையும். இங்கே முதல் தடவைக்கு ஆகக் குறைந்த தண்டனை அதுதான். சில மாதங்கள் கழித்து எல்லைச் சேவைகள் முகமையிலிருந்து கடிதம் வந்தது: உங்களை ஏன் நாடு கடத்தக் கூடாது என்று எழுத்தில் விளக்கம் தரவும்.

அபராதத்துக்கா நாடு கடத்துவார்கள்? குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவைப் படித்தபோதுதான் விளங்கியது. நீதிபதி கொடுத்த தண்டனை ஆறு மாதச் சிறைக்கு மேல் போனால் பிஆருக்கு ஆபத்து. போகாவிட்டாலும், அந்தக் குற்றத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தண்டனை 10 வருடம் என்றால் ஆபத்துதான். இந்தக் குற்றத்துக்கான உச்சம் 5 வருடமாக இருந்தது. 2018 டிசம்பரில் 10 ஆக்கினார்கள். தம்பி ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை என்பது கணக்கிலேயே இல்லை.

வழக்கை நடத்திய லோயர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒன்டாரியோ போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் 'கவனமின்றி ஓட்டியது' என்று முடிந்திருந்தால் அது குற்றவியல் தீர்ப்பே இல்லை. அரசுத் தரப்பு சம்மதித்திருக்குமா என்பது வேறு விஷயம், கேட்டாவது பார்த்திருக்கலாம்.

அப்புறம் குடிவரவு லோயர் ஒருவரிடம் போனோம். அதிகாரி மனம் வைத்தால் இந்தக் கட்டத்திலேயே நிறுத்தலாம் என்றார். குடிவரவு விசாரணைக்கு அனுப்பிவிட்டால், குற்றத் தீர்ப்பு உண்மை என்றானதும் வெளியேற்ற உத்தரவு போட்டே ஆக வேண்டும், அங்கே இரக்கத்துக்கு இடமில்லை. அதன் பிறகு மேன்முறையீடு உண்டு. ஆனால் ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர்களுக்கு அதுவும் கிடையாது.

நானும் மச்சாளும் கடிதங்கள் சேர்க்கத் தொடங்கினோம். கோயில் தலைவர் 'தங்கமான பிள்ளை' என்று இரண்டு பக்கம் எழுதித் தந்தார். லோயர் அதை ஓரமாக வைத்துவிட்டார். அவர் கேட்டது வேறு: தீர்ப்பு வந்தது தெரிந்தே வேலை கொடுப்பதாக முதலாளியின் கடிதம், மதுப் பழக்க ஆலோசனைக்குப் போன பதிவு, வரிப் பத்திரங்கள், அவன் இல்லாவிட்டால் பிள்ளைகளின் பாடு என்ன என்று குடும்ப வைத்தியரும் பள்ளிக்கூடமும் எழுதியவை. தம்பியும் சாக்குச் சொல்லாமல் நடந்ததைத் தன் கைப்பட எழுதினான்.

கடைசியில் வந்தது எச்சரிக்கைக் கடிதம். பிஆர் இருக்கிறது. இன்னொரு வழக்கு வந்தால் இந்தக் கோப்பையும் சேர்த்தே எடுப்பார்கள் என்று லோயர் சொல்லியிருக்கிறார். தடைக்காலம் முடிந்தும் கார்ச் சாவி இப்போது மச்சாளிடம்தான்.